ஒரே குடும்பம், ஒரே பிளேடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாத ஞாயிற்றுக்கிழமை. செஞ்சியிலிருந்து வேன் பிடித்து, சீயமங்கலம் பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். என் மகள், என் கொழுந்தனார் மகன், என் ஓரகத்தியின் மகன் என்று மூன்று குழந்தைகளுக்கும் அன்று முதல் மொட்டை. எங்கள் வழக்கப்படி மூத்த மகனுடைய பிள்ளைதான் முதலில் உட்கார வேண்டும். அது ஓரகத்தியின் மகன்.

ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அந்த நோயைக் கொண்டுவந்து கொடுத்த மனிதர், என் கணவரின் அண்ணன், பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டார். பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தார்கள். ஒன்றரை வயதில் எடுத்த கடைசிப் பரிசோதனையிலும் குழந்தைக்கு இல்லை என்று வந்துவிட்டது. அந்த முடிவு வரட்டும் என்றுதான் மொட்டையையே தள்ளிப்போட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ரகசியம் என்றால் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம், அவ்வளவுதான். அக்காவின் தட்டும் டம்ளரும் மட்டும் தனியாக இருக்கும். நான் வேண்டுமென்றே எல்லாவற்றையும் கலந்து கழுவி வைப்பேன். மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

கோயிலில் பொங்கல் பொங்கியாயிற்று. செஞ்சியிலிருந்து நாங்களே கூட்டிப் போயிருந்த முடிதிருத்துபவர் கத்தியில் பிளேடு மாட்டித் தயாராக இருந்தார். அப்போது என் மாமனார் தொண்டையைச் செருமினார்.

“பெரியவன் புள்ள கடைசியா உக்காரட்டும். ஒரே கத்தி பாரு, மத்த புள்ளைங்களுக்கு எதுனா ஆயிடப் போவுது.”

அப்பன் இல்லாத பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரு மரியாதை, அதையும் பிடுங்குகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவரோ பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேராக மாமனாரிடம் வந்தார்.

“கடைசியாவே உக்காரட்டும் மாமா. ஆனா புது பிளேடு போட்டாத்தான் தலைய குடுப்பேன்.”

“நாங்கதாம்மா பயப்படணும். நீ இன்னாத்துக்குப் பயப்படற?”

“எம் புள்ளைக்கு டெஸ்ட் எடுத்தாச்சி, இல்லன்னு தெரியும். மத்த புள்ளைங்களுக்கு யாரு எடுத்துப் பாத்தீங்க? அதுங்களுக்கு இருக்குதுன்னு சொல்லல மாமா. ஒருத்தர் ரத்தம் பட்ட பிளேடு இன்னொருத்தர் தலைக்குப் போவக்கூடாது. மஞ்சக்காமாலகூட அப்பிடி ஒட்டிக்கும். தொட்டா வராது, கூட சாப்டா வராது, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா வராது. அதுக்கெல்லாம் பயந்தீங்க. பயப்பட வேண்டிய பிளேட மட்டும் ஒரே குடும்பந்தானன்னு மூணு புள்ளைக்கும் போடப் பாக்கறீங்க.”

குரல் உயரவே இல்லை. முடிதிருத்துபவர்தான் முதலில் பேசினார். கடையில் ஆளுக்கு ஒரு பிளேடு மாற்றுவாராம். பங்காளிப் பிள்ளைகள்தானே என்று இங்கே ஒன்றையே போட நினைத்தாராம். அக்கா பையிலிருந்து ஒரு பிளேடு பாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். எல்லாம் யோசித்துத்தான் வந்திருக்கிறார்.

“அப்ப யாரு மொதல்ல?” என்று முடிதிருத்துபவர் கேட்டார். எல்லோரும் மாமனாரைப் பார்த்தோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பெரியவன் புள்ளதான். அதான வழக்கம்” என்றார்.

அக்காவின் தம்பி மடியில் உட்கார்ந்து பையன் ஊரைக் கூட்டினான். தலையைத் திருப்பியதில் பிளேடு லேசாகக் கீறி, காதுக்கு மேலே ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்தது. சந்தனக் கிண்ணம் என் மாமியார் கையில் இருந்தது. அவர் அப்படியே நின்றார். அக்கா ஒரு எட்டு முன்னால் வைத்தார். அதற்குள் மாமனார் கிண்ணத்தை வாங்கி, சந்தனத்தைக் கை நிறைய அள்ளி, கீறல் உட்பட பேரன் தலை முழுக்கத் தானே தடவிவிட்டார். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவனைத் தொட்டார். அக்கா அதற்குப் பிறகுதான் அழுதார்.

இன்றும் எங்கள் வீட்டில் மொட்டை என்றால் தேங்காய், பழம் வாங்குவதற்கு முன்னால் பிளேடு பாக்கெட் வாங்குகிறோம். அன்று மொட்டைக்கு உட்கார்ந்த மூன்று பேரில், நோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரே பிள்ளையைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் பயந்தார்கள் என்பதும், பயப்பட எல்லாக் காரணமும் இருந்த அக்காதான் அன்று எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக் காப்பாற்றினார் என்பதும், ஒவ்வொரு முறை அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதும் எனக்கு நினைவுக்கு வருகிறது.