பாதிப் பேச்சில் நிற்கும் மகள்

என் மகள் பேசும்போது அவளாகப் பாதியில் நிறுத்துகிறாளா, அல்லது பேச்சு அவளுக்குப் பாதியில் நின்றுபோகிறதா? சில மாதங்களாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன். இன்றைக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவளுக்கு மூன்றரை வயது. எனக்குப் பிறந்த ஊர் கம்பம் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டி. வாழ்க்கைப்பட்டது மதுரைப் பக்கம், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஊர். இறங்கும் விமானம் எங்கள் மொட்டை மாடியைத் தாண்டித்தான் போகும். கொடியில் காயும் துணி அதிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. விமானம் வந்தால் யாரும் அதற்கு மேல் கத்திப் பேசிப் பார்க்க மாட்டார்கள். பேச்சை அப்படியே நிறுத்திக்கொள்வார்கள். சத்தம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள். மளிகைக் கடையில் ஒருவர் “அரைக் கிலோ” என்று சொல்லிவிட்டு நிற்பார். கடைக்காரரும் கையைத் தராசில் வைத்தபடி நிற்பார். பிறகு “துவரம்பருப்பு” என்று வரும். புதுப்பெண்ணாகப் போனபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு வருடம் கழித்து நானும் அப்படித்தான் பேசினேன். என் மகள் பேசக் கற்றதே அங்கேதான்.

பிறகு ஓடுபாதையை நீட்டுவதற்காக நிலம் எடுத்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த மல்லிகைத் தோட்டங்கள் போயின. தெருவில் பாதி வீடுகளும் போயின. எங்கள் வீடு அவர்கள் அளந்து போட்ட கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. “தப்பிச்சோம்” என்றார் மாமனார். “மாட்டிக்கிட்டோம்” என்றார் என் கணவர். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. மகளோடு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் பெற்றோருடன் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். விமானங்கள் முன்பைவிடத் தாழ்வாக வருவதாகவும் எனக்குப் பட்டது. அது என் நினைப்பு என்கிறார் கணவர். இருக்கலாம்.

கோடையில் மகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தேன். வந்த அன்றே அண்ணியிடம் போய் அவள், “அத்தை, எனக்கு” என்று தொடங்கி நின்றாள்.

“எனக்கு? என்னாடி தங்கம், சொல்லு.”

அவள் பேசவில்லை. அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்து, “முறுக்கு வேணும்” என்றாள்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். “ஏத்தா, பிள்ளைக்குத் திக்குதே, நீ கவனிக்கலையா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி!”

“ஏன் இந்தக் கத்து கத்துற? நான் இங்கனதான நிக்கிறேன்.”

விமானம் வந்தால் நிறுத்துகிற பழக்கத்தை அவருக்கு விளக்கினேன். அண்ணி வாசலுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். “இங்கன ஏது ஏரோப்ளேன்? காக்காதான் போகுது.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு மகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் உதட்டையே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒருநாள் அப்பாவோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். பந்தலுக்குள் களை எடுக்க டில்லர் வந்திருந்தது. மகள் ஒரு கொத்தைக் காட்டி, “தாத்தா, இந்தப் பழம்” என்றாள். அந்த நேரம் பார்த்து டில்லர்காரர் இன்ஜினைக் கிளப்பினார். அவள் நிறுத்திக்கொண்டாள். டில்லர் ஒரு வரிசை போய்த் திரும்பியது, அடுத்த வரிசைக்குப் போனது. இவள் காட்டிய விரலை எடுக்கவே இல்லை. தூக்கப் போனேன், என் கையைத் தள்ளிவிட்டாள். டில்லர்காரர் டீ குடிக்க இன்ஜினை நிறுத்தினார். உடனே, “புளிக்குமா?” என்றாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஏத்தா, பாதித் தோட்டம் உழுகிற வரைக்கும் கேள்விய வாய்க்குள்ளயே வச்சிருந்திருக்கா! இவளுக்கா திக்குவாயி? போயி உங்க அண்ணிகிட்ட சொல்லு.”

அன்று சாயங்காலம்வரை எனக்கு அவ்வளவு நிம்மதி. இது பழக்கம்தான், வேறெதுவும் இல்லை என்று முடிவே செய்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தோம். டிவிகூட ஓடவில்லை. “அம்மா, நாளைக்கு நம்ம” என்றவள் நின்றாள். தாடை லேசாக இறுகியதுபோல் இருந்தது. அல்லது வாயில் சோறு இருந்ததோ என்னவோ. “பஸ்ல போவமா?” என்று முடித்தாள். அண்ணி என்னைப் பார்த்தார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

தேனியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காதைச் சோதித்து, நன்றாகக் கேட்கிறது என்றார். எந்த எழுத்தில் நிற்கிறது என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாள் உதட்டைப் பார்த்தும் இதைக் கவனிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மகளோ அவர் மேசைமேல் இருந்த சின்ன ஃபேனைப் பற்றி ஓர் இடத்தில்கூட நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

“இந்த வயசுல நிறையப் பிள்ளைகளுக்கு இப்படி வர்றதுதாம்மா. பெரும்பாலும் தானாப் போயிரும். குறுக்க எடுத்துக் குடுக்காதீக. போகலைன்னா பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பலாம்” என்றார்.

“விமானச் சத்தத்தால வந்திருக்குமா சார்?”

“அப்படியும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் சத்தமில்லாத இடத்துல வச்சுப் பாருங்களேன்.”

அந்தக் ‘கொஞ்ச நாள்’தான் இவ்வளவு நீண்டுவிட்டது. சில நாள் அவள் நிற்பதே இல்லை. சில நாள் ஒவ்வொரு வாக்கியத்திலும் நிற்கிறாள். இங்கே வந்தபிறகு கூடியிருக்கிறது என்றுகூடத் தோன்றுகிறது. உண்மையாகவே கூடியிருக்கிறதா, இங்கே அமைதியாக இருப்பதால் எனக்குத் தெரிகிறதா? அங்கே இருந்தவரை அவள் நிற்பதும் விமானம் வருவதும் ஒன்றாகவே நடந்தன என்று நினைத்திருந்தேன். விமானம் இல்லாதபோதும் நின்றாளா என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்தார். மகள் மடியில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு என் அப்பாவிடம், “மாமா, ஸ்கூல்ல இருந்து” என்றவர் நின்றுவிட்டார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மடியில் இருந்தவளும் அசையவில்லை. “கேட்டாக, பிள்ளையச் சேக்கிறீகளா இல்லையான்னு” என்று முடித்தார்.

அடுப்படி வாசலில் அண்ணி கரண்டியோடு நின்றிருந்தார். “ஏண்ணே, இப்பப் போனது எந்த ஊரு ஏரோப்ளேன்?”

அப்பா சிரித்துவிட்டார். கணவருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. தான் நின்றது அவருக்குத் தெரியவே இல்லை.

பிறகு நாங்கள் இருவரும் மாடியில் பேசினோம். “எங்க ஊரே அப்படித்தான் பேசுது. அதை நோவுன்னு சொல்லி, எம்பிள்ளையப் பார்க்க நான் பஸ் ஏறி வரணுமா?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவர் வேலை அங்கே இருக்கிறது. மாமனார் மாமியாருக்கு வயதாகிவிட்டது. மிச்சத் தெருவையும் எடுத்துவிடுவார்கள் என்று மாமனார் தினமும் காத்திருக்கிறார், வேறு வீட்டுக்கு வர ஒப்ப மாட்டார்.

“திரும்பிப் போய் அது நெசமாவே திக்கலாப் போச்சுன்னா?” என்றேன்.

“இங்கனயே இருந்து அப்பா இல்லாத ஏக்கத்துல ஆச்சுன்னா?” என்றார்.

கம்பத்தில் ஒரு பள்ளியிலும் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பள்ளிக்கும் இந்த மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலோ, ரயில் பாதைக்குப் பக்கத்திலோ, மில்லுக்குப் பக்கத்திலோ பிள்ளை வளர்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். உங்கள் பிள்ளையும் இப்படி நின்றதா? இடம் மாறியபிறகு சரியானதா, மாறாமலேயே சரியானதா? அதற்காக அப்பாவிடமிருந்து பிரித்து வைத்தீர்களா, அப்படி வைத்தது பிள்ளைக்கு நல்லதாக இருந்ததா? மாமியார் வீட்டைவிட்டு வருவதற்கு நான் இதைச் சாக்காக்குகிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படியும் இருக்குமோ என்று நானே நினைத்திருக்கிறேன். பள்ளிச் சேர்க்கை முடிவதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும். முடிந்தபிறகு எழுதினாலும் படிப்பேன்.