சம்மட்டி அக்கா கட்டிய தவளைக் கப்பல்

சம்மட்டி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்தப் பெயரை முதலில் சொன்னவர் ஒரு லாரி டிரைவர். சொல்லும்போது அவர் வாயில் முன்பல் இரண்டு இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் வரை இருந்தன. வேலை முடிந்த வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவில் ஒடுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார் பாவம். அவள் கதவைத் தடவிப் பார்த்தாள், ஒடுக்கு இல்லை. அவர் தாடையைப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. அங்கே ஒன்று போட்டுவிட்டாள்.

மோதி நசுங்கிய வண்டிகளை அடித்து நிமிர்த்துவது அவள் தொழில். காலையில் சுத்தியலை எடுத்தால் பொழுது சாயும்வரை தகரத்தை அடிப்பாள். தகரம் தீர்ந்தால் ஆளை அடிப்பாள். ஷெட்டுக்குப் பின்னால் டயர் கடை வைத்திருந்தவர் சத்தம் தாங்காமல்தான் கடையைக் காலி செய்தார். சத்தம் போட்டது தகரமா அவரா என்பதில் மட்டும் தெருவில் இரண்டு கருத்து உண்டு. அவள் புருஷன் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். எலி தும்மினால்கூட எழுந்து நின்று வழி விடுகிற ஆள். தினமும் வீட்டுக்கு வரும்போது பையில் பஞ்சும் பிளாஸ்திரியும் இருக்கும். யாருக்கு என்று கேட்க மாட்டார். எப்படியும் யாருக்காவது தேவைப்படும்.

ஷெட்டில் பெயிண்டர் அவளுடைய தம்பி. அவள் நிமிர்த்திய தகரத்தில் மிச்சமிருக்கும் மேடுபள்ளத்தின்மேல் அவன் பட்டி பூசுவான். மாவு மாதிரி குழைத்துத் தடவினால், காய்ந்ததும் கல்லாகிவிடும் அந்தப் பசை. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி, மேலே வண்ணம் அடிப்பான். அடிக்கிறவள் பட்டியைத் தொடக்கூடாது, பட்டி போடுகிறவன் சுத்தியலைத் தொடக்கூடாது. ஷெட்டில் இருந்த ஒரே ஒழுங்கு அதுதான். மற்றபடி இருவரும் ஸ்பேனரால் அடித்துக்கொண்டார்கள், ஜாக்கிக் கம்பியால் அடித்துக்கொண்டார்கள், ஒரு தடவை வண்டியின் பின்சீட்டைக் கழற்றி அதனாலும் அடித்துக்கொண்டார்கள். அந்த அடி மட்டும் மெத்தென்று இருந்தது என்று தம்பி பிறகு பெருமையாகச் சொன்னான்.

கடைசிச் சண்டை ஒரு நீல வண்டியின் முன்மூடியை வைத்து வந்தது. நிறம் கோணலாகத் தெரிகிறது என்று அவள் சொன்னாள். நிறம் சரி, அடிதான் கோணல், நீ தட்டினது தகரமா தலையணையா என்று அவன் திருப்பிக் கேட்டான். அவள் கையில் மரச்சுத்தி இருந்தது. அடுத்த நொடி இல்லை. அது போய் அவன் இடது காதில் பட்டது. நீலப் பெயிண்டில் ரத்தம் விழுந்தால் என்ன நிறம் வரும் என்று அன்றைக்குத்தான் ஷெட்டே பார்த்தது. ஆஸ்பத்திரியில் காதைத் தைத்துவிட்டார்கள். தைக்கிறது தையல்காரன்கூடச் செய்வான். உள்ளே போன கேட்கும் சக்தி திரும்பி வரவில்லை. அந்தப் பக்கம் இடியே விழுந்தாலும் இனி அவனுக்கு ஊமைப்படம்தான்.

தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர் ஷெட்டுக்குப் போனான். அந்த ஷெட்டின் முதலாளிக்கு கிரீஸ் என்று பெயர். கையில் பிடித்தால் வழுக்குவார், பேச்சிலும் அப்படித்தான். வந்தவனை அணைத்துக்கொண்டு, எதிரே நின்ற சம்மட்டிக்குத் தெரியும்படி அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். அன்றைக்கு அவள் ஒரு வண்டிக் கதவை அடித்த அடியில் அது முறமாகிவிட்டது.

புருஷன் பயந்து பயந்து சொன்னார். "போய் மன்னிப்பு கேட்டுடேன்."

"அது எப்படிக் கேக்கறது?"

கிண்டலாகக் கேட்கிறாளோ என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதனால் அவரே சாலையைத் தாண்டிப் போய் மச்சானிடம் பேசினார். திரும்பி வந்து, அவன் சொன்னதை அப்படியே சொன்னார். "அவ கை பட்டு உடையாம ஒரே ஒரு பொருளு வந்து நான் பாத்ததில்ல மாமா. ஒண்ணு செஞ்சு காட்டட்டும். அப்புறம் வர்றேன்."

என்ன பொருள் என்று அவள் யோசிக்கவே இல்லை. சின்ன வயசில் அவர்கள் வீட்டில் வாரத்துக்கு அரைமணி நேரம்தான் அடிதடி இருக்காது. டிவியில் தவளைகள் வருகிற கார்ட்டூன் ஓடும் நேரம் அது. அந்தத் தவளைகள் குடத்துக்கு மூன்று கால் முளைத்த மாதிரி ஒரு சிவப்புக் கப்பலில் ஆகாயமெல்லாம் சுற்றும், போகிற இடத்திலெல்லாம் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். நமக்காக இவங்க அடிச்சுக்கறாங்க என்று இருவரும் நிம்மதியாக உட்கார்ந்து பார்ப்பார்கள். தம்பி ஒரு தடவை பவுடர் டப்பாவில் அந்தக் கப்பலைச் செய்தான். அவள் அதை அவன் தலையிலேயே போட்டு நசுக்கினாள். ஏன் என்று இன்றைக்குக் கேட்டால் அவளுக்கு நினைவில்லை. ஆகவே அந்தக் கப்பல்தான். அதுவும் சும்மா வைத்து அழகு பார்க்கிறது இல்லை, பறக்கிறது.

ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் சின்ன ராக்கெட்டுகளைப் பறக்க விடுகிற ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்குச் சாமான் விற்கிற கடைக்காரர் கோந்து டப்பாவைவிட ஒல்லியாக இருப்பார். தகரத்தில் அடித்து, பளபளவென்று ஒரு கப்பலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள் சம்மட்டி. அவர் இரண்டடி பின்னால் போனார். "அம்மா, இதுக்குப் பேரு ராக்கெட் இல்ல, குண்டு. தகரத்துல செஞ்சா மைதானத்துல விட மாட்டாங்க. அட்டையும் தக்கையும்தான்."

அட்டை. ஆயுசு முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிய கை அது. முதல் குழாயைக் கோந்து காய்வதற்குள் பிடித்தே நசுக்கினாள். இரண்டாவதை மூச்சு விட்டு நசுக்கினாள் என்று புருஷன் சத்தியம் செய்வார். மூன்றாவதைக் கோபத்தில் சுவரில் அடித்தாள். சுவரில் கீறல் விழுந்தது. கத்தி வழுக்கி விரலில் எலும்பு தெரிய வெட்டியது. பக்கத்து ஷெட் வெல்டர் எட்டிப் பார்த்து, அக்கா பொம்மை செய்றாங்களா என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் ஒரு பக்கமாகத்தான் மென்றார். ஆனாலும் அவள் விடவில்லை. நடுவில் அட்டைக் குழாய், அதைச் சுற்றி வெண்தக்கையில் செதுக்கிய குட வயிறு, மெல்லிய பலகையில் மூன்று வளைந்த கால், மூக்குக்குள் ஈயக் கட்டி. கப்பல் எழுந்து நின்றது.

கடைக்காரர் ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். கப்பல் சமமாக நிற்கிற இடத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுற்ற வேண்டும். மூக்கு முன்னால் போனால் நேராகப் பறக்கும். வால் முன்னால் வந்தால் போனவழியே திரும்பி வந்து ஆளைத் தேடும். முன்பக்கம் கனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். அவள் ஷெட்டில் வைத்துச் சுற்றினாள். மூக்கு முன்னால்தான் போனது. வேடிக்கை பார்க்க வந்த புருஷனின் கன்னத்திலும் மூக்குதான் முதலில் பட்டது. பிளாஸ்திரி பையிலேயே இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று கால்களும் உடம்போடு சேருகிற இடத்தில் மெல்லிய இடுக்கு தெரிந்தது. வண்டி வேலை செய்கிறவர்களுக்கு இடுக்கு என்றால் வாயில் முள் மாட்டிய மாதிரி. தம்பி ஷெட்டில் இருந்திருந்தால் அவனைக் கூப்பிட்டிருப்பாள். அவன் விட்டுப்போன டப்பாவைத் திறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட்டியைக் கையில் எடுத்தாள். சுவர் பூசுகிற மாதிரி அப்பினாள். காய்ந்ததும் தேய்த்தாள், பள்ளம் தெரிந்தது, மறுபடி அப்பினாள். அதற்குமேல் சிவப்பு. சிவப்புக்குமேல் பளபளப்பு. முடிந்தபோது கப்பலின் பின்பக்கம் புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. திரும்பக் கயிறு கட்டிச் சுற்றத் தோன்றவில்லை. ஒரு தடவை சரியாகிவிட்ட ஒடுக்கை யாராவது மறுபடி அடிப்பார்களா?

புருஷன் போய்ச் சொன்னதில், ஞாயிற்றுக்கிழமை தம்பி மைதானத்துக்கு வந்தான். வந்தவன் கிரீஸின் புது வேனில், கிரீஸோடும் அவருடைய ஆட்கள் நான்கு பேரோடும் வந்தான். அக்கா ஆகாயத்தையும் அடிக்கப் போறாங்களாமே, மேகத்துக்கெல்லாம் சொல்லியாச்சா என்று கிரீஸ் சத்தமாகக் கேட்டார். அவள் கையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். தம்பி பார்க்கிறான் என்பதால் அன்றைக்கு யாரையும் தொடுவதில்லை என்று புருஷனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கப்பலைப் பற்றவைக்கிற பொத்தானை அழுத்தினாள். கப்பல் புஸ்ஸென்று சீறிக் கிளம்பியது. மரம் உயரத்துக்கு நேராகப் போனது. தம்பி வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தான், பவுடர் டப்பாக் காலத்து முகம் அப்படியே. அப்போது கப்பல் மேலே ஒரு கணம் யோசித்தது. வாலைத் தூக்கி முன்னால் போட்டது. பிறகு கீழ்நோக்கித் திரும்பி, இருந்த நெருப்பையெல்லாம் ஒரே மூச்சில் கக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஒல்லிக் கடைக்காரர் மேஜைக்கு அடியில் போனார், மேஜை அவர்மேல் போனது. கிரீஸின் ஆள் ஒருவனின் புருவத்தைக் கிழித்து, இன்னொருவனின் சட்டையைப் பொசுக்கி, கடைசியில் புது வேனின் கதவில் நெற்றியை முட்டி, குடம் உடைந்தது.

கதவில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒடுக்கு.

கிரீஸ் ஓடிவந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். வாக்கு அதோடு முடிந்தது. அவள் முட்டி அவர் வயிற்றில் போன வேகத்தில் அவர் காலையில் சாப்பிட்டது என்ன என்று மைதானத்துக்கே தெரிந்துபோனது. மற்றவர்கள் ஜாக்கிக் கம்பியோடு வந்தார்கள். ஒருவனின் மணிக்கட்டு நொறுங்கிய சத்தம் மேஜைக்கு அடியில் கேட்டதாம். அவள் தோளில் ஒரு கம்பி விழுந்தது, முதுகில் ஒன்று, வாயெல்லாம் ரத்தம். எலிக்கு வழி விடுகிற புருஷன்கூட ஒருவனின் காலைக் கட்டிக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவுக்கும் நடுவில் அவள் பார்வை கதவருகே சிதறிக் கிடந்த சிவப்புத் துண்டுகள்மேல்தான் இருந்தது. உடைந்துவிட்டது. உடையாமல் ஒன்று என்று கேட்டான். உடைந்துவிட்டது.

தம்பி சண்டைக்குள் வந்தான். யாரையும் அடிக்கவில்லை. குனிந்து கப்பலின் வால்துண்டை எடுத்தான், கையில் தூக்கிப் பார்த்தான். கனத்தில் கை கீழே இறங்கியது. நகத்தால் சுரண்டினான். சிவப்புக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் பட்டி. நேராக அக்காவிடம் நடந்து வந்து அந்தத் துண்டாலேயே அவள் மண்டையில் ஒன்று போட்டான். கம்பியை ஓங்கியவன் யாரை அடிக்கிறது என்று குழம்பி அப்படியே நின்றான்.

"யாரு பட்டி போட்டது இதுல?"

"நான்தான்."

"இதென்ன கப்பலா, அணைக்கட்டா? பின்னாடி இவ்ளோ கனத்தை வச்சா அது எப்படி நேரா போகும்? தெரியாத வேலைய ஏன் தொட்டே?"

அவள் நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சவன் எதிர் ஷெட்டுல இருந்தான்."

தம்பி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பட்டி உரிந்த இடத்தில் உள்ளே பலகைக் கால் தெரிந்தது. அறுத்த இடம் நேராக இருந்தது, கோந்து ஓரமாக ஒரு நூல்கூட வழியவில்லை. அதை அவன் கட்டைவிரலால் தடவினான். "உன் கை உடைக்கல," என்றான். "பட்டிதான் உடைச்சுது."

மறுநாள் காலையில் அவன் பெட்டியோடு வந்து நின்றான். பழைய மேஜையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டான். இடது காது அக்கா பக்கம் இருக்கும்படி. இனி எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கோ என்று சொல்லிவிட்டுத் தேய்க்கிற தாளை எடுத்தான். கிரீஸின் வேன் வாசலில் நின்றது. அந்த வட்டாரத்தில் அந்த ஒடுக்கை எடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கிரீஸ் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார்.

நடுப்பகலில் நிறம் ஒத்துப்போகவில்லை என்று அவளுக்குக் கோபம் வந்தது. கத்தினாள். அவன் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தான். கையில் மரச்சுத்தி இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, காது கேட்கிற அவன் வலது பக்கம் வந்து நின்றாள். நடந்து வருவதற்குள் என்ன சொல்ல வந்தோம் என்பது பாதி மறந்துபோயிருந்தது.

"காது வலிக்குதாடா?" என்று கேட்டாள்.