எண் விழுந்த இடம்

எங்கள் ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறவள் நான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஷட்டர் கடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கைரேகை வைக்கிற கருவி, சத்தம் மட்டும் போடுகிற ஒரு மின்விசிறி. சாதிச் சான்றிதழ், பட்டா, முதியோர் உதவித்தொகை என்று எது வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கூட்டம் கடையைத் தாண்டி ரோட்டில் நிற்கும். பிசான நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பதிய வருகிறவர்கள். தாமிரபரணிக் கால்வாயை நம்பிய ஊர் இது. அணையில் தண்ணீர் இருந்தால் ஆனியில் கார் சாகுபடி. ஐப்பசி மழை பெய்தால் பிசானம். இரண்டும் கைவிட்டால் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசவேண்டியதுதான்.

பதிய வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே விஷயத்தை விளக்குவேன். நீங்கள் கட்டுவது சின்னப் பங்கு, பெரிய பங்கை அரசாங்கம் கட்டுகிறது, பயிர் போனால் நஷ்டஈடு தரவேண்டியது ஒரு தனியார் கம்பெனி.

"அப்பம் பணம் வரலன்னா யாருகிட்ட போயிச் சண்ட போட?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்கிட்டதான் போடுவீங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நடக்கப் போவது அதுதான் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதில் பலருக்குப் பிடிபடாத சங்கதி ஒன்று உண்டு. ஒவ்வொரு வயலாகப் பார்த்து நஷ்டஈடு கொடுப்பதில்லை. அறுவடைக்கு முன்னால் ஊருக்கு நாலு வயலைக் குலுக்கல் மாதிரி எண் போட்டு எடுப்பார்கள். அந்த வயலுக்குள்ளும் எந்த இடம் என்று இன்னொரு எண் சொல்லும். தென்மேற்கு மூலையிலிருந்து காலால் இத்தனை எட்டு இப்படி, இத்தனை எட்டு அப்படி. அங்கே சதுரமாகக் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். அந்த நாலு இடத்தின் சராசரி எடைதான் ஊர் முழுக்கவுமான கணக்கு. அந்தச் சராசரி நன்றாக இருந்தால், உங்கள் வயலில் ஒரு மணி தேறாவிட்டாலும் உங்களுக்கு ஒன்றும் கிடையாது.

நான் சொல்ல வந்த வருஷம் கார் சாகுபடியே இல்லை. பிசானம் கண்ணுக்கு நிறைவாக வந்தது. மார்கழியில் கதிர் பூத்திருந்த நேரம் பார்த்து நாலைந்து நாள் விடாமல் அடித்தது மழை. பூ கொட்டிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு தூரத்திலிருந்து பார்த்தால் வயலுக்கு ஒரு குறையும் தெரியாது. பக்கத்தில் போய்க் கதிரை உருவினால் பாதிக்கு மேல் சாவி, உள்ளே அரிசி இல்லாத வெறும் உமி.

அப்போதுதான் அவள் என் கடைக்கு வந்தாள். எங்கள் தெருக்காரி, என்னை மைனி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிறவள். புருஷன் தவறி நாலு வருஷம் ஆகிறது. கோவில் நிலம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பயிர் வைக்கிறாள், மற்ற நாளில் கூலிக்குப் போகிறாள். ஒரே மகள் பதினொன்றாம் வகுப்பு. காப்பீடு பதியும்போது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டுகிற அடங்கல் சீட்டு வாங்க அவளைக் கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று தடவை நடக்கவைத்தவள் நான்தான்.

"மைனி, இந்தப் பணம் வந்தா அடுத்த போகம் வைப்பேன். வரலன்னா திருப்பூருக்குப் போறேன். அங்கன பனியன் கம்பெனில ரெண்டு பேரா வந்தா ரூம் குடுக்காங்களாம்."

"ரெண்டு பேருன்னா?"

"நானும் பிள்ளையும்தான்."

பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தை மாதக் கடைசியில் நாலு வயல்களின் பட்டியல் வந்தது. மூன்று வயலில் அறுத்து முடித்தார்கள். நாலாவது எண் எங்கள் வயல்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல மனுஷர். ஆனால் வயல் விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஊரில் விதைநெல் வேண்டுமென்றால் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். "பயிர் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று யார் கேட்டாலும், வெள்ளமோ வறட்சியோ, "நல்லா இருக்குவே" என்பதுதான் பதில். விளைந்து நிற்கிற பயிரைக் குறை சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. அவர் மட்டுமல்ல, எங்கள் ஊர் ஆம்பிளைகள் பாதிப்பேர் அப்படித்தான். காய்ச்சல் வந்தால்கூட ஊருக்கே சொல்வார்கள், வயல் காய்ந்தால் வெளியே மூச்சு விடமாட்டார்கள்.

அன்று காலையில் வேளாண்மை அலுவலர் அம்மா ஸ்கூட்டரில் வந்தார். காப்பீட்டுக் கம்பெனி சார்பில் மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். அரசாங்கம் எடை போடும்போது கம்பெனி ஆள் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. அறுக்க நாலு பெண்கள் அரிவாளோடு நின்றார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. ஆதார் நகல் கேட்டார்கள் என்று நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். போகும்போதே தூரத்தில் தெரிந்தது, என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டி, ஆளுக்கொரு இளநீரை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர்களைக் கவனிக்கிற மாதிரி ஒரு கவனிப்பு.

அலுவலர் எண்ணைப் படித்து, எட்டுப் போட்டு அளந்தார். இடம் வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. மார்கழித் தண்ணீர் நின்ற இடம். கதிரெல்லாம் நிமிர்ந்து நின்றது. மணி பிடிக்காத கதிர் அப்படித்தான் நிற்கும், அதற்குத் தலை குனிய என்ன பாரம் இருக்கிறது?

என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. "மேடம், அங்கன ஒரே சேறு. சேலை பாழாப் போயிரும். இங்கன ரோட்டோரம் வாங்க. இங்கனதான் நல்ல கதிரா இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார்.

ரோட்டோரம் மேடு. எருக்குழி இருந்த இடம், தண்ணீர் நிற்காத இடம். அந்த மூலையில் மட்டும் கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்தது. ஊர்க்காரன் பார்க்கிற மூலையும் அதுதான்.

அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு ஊர் போகவேண்டுமாம். விவசாயியே சொல்கிறார், சேறும் இல்லை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ரோட்டோரம் நாலு எட்டு வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் ஏவல் தெரியாது. வரப்பில் நின்றபடியே கத்தினேன். "மேடம், அங்கன வெட்டாதீங்க. எண் எங்கன விழுந்துச்சோ அங்கனயே வெட்டுங்க."

"ஏட்டி, வாயப் பொத்து. ஊர்க்காரன் பாக்கான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள் இது உங்க வயல் இல்ல, ஊரு வயலு. உங்க பவுசுக்கு ஊர்க்காரன் வாயில மண்ணப் போடாதீங்க."

அவ்வளவு பேர் முன்னால் நான் அவரை அப்படிப் பேசியது கிடையாது. அலுவலர் கம்பெனிக்காரரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல இடத்தில் அறுத்தால் அவருடைய கம்பெனிக்கு லாபம். பேசாமல் நின்றால் போதும், யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை. அவர் போனைத் தூக்கிக் காட்டினார்.

"மேடம், எண் சொன்ன இடத்துலதான் நான் படம் எடுக்க முடியும். வேற இடம்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். எங்களுக்குச் சாதகமா இருந்தாலும் தப்பு தப்புதான்லா" என்றார்.

தனியார் கம்பெனி என்றாலே பணத்தைச் சுருட்டுகிறவர்கள் என்று ஊர் முழுக்கப் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். அந்த நிமிஷம் அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அலுவலரும் நல்லவர்தான், களைத்துப் போயிருந்தார், அவ்வளவே. ஒருவர் சறுக்குகிற இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்ளத்தான் இரண்டு பேரை அனுப்புகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அத்தனை வருஷம் விண்ணப்பம் ஏற்றியும் அதை நான் யோசித்ததில்லை.

ஆனாலும் என் வீட்டுக்காரர் ரோட்டோரத்தை விட்டு நகரவில்லை. கல் மாதிரி நின்றார். அப்போது அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அரிவாளோடு பள்ளத்துச் சேற்றில் இறங்கினாள். எண் விழுந்த இடத்தில் முட்டளவு சேற்றில் போய் நின்றாள். அவரைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. எங்கள் வயலில் கூலி வாங்குகிறவள், அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவள், அவள் எப்படி வாய்விட்டுக் கேட்பாள்?

என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். கயிற்றையும் முளைக்குச்சியையும் அலுவலர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரே சேற்றில் இறங்கி நாலு மூலையிலும் அடித்தார்.

அறுத்தார்கள். தார்ப்பாயில் போட்டு அடித்தார்கள். தூற்றும்போது பாதி காற்றோடு போனது. மிச்சத்தைத் தராசில் வைத்ததும் அலுவலர் எடையை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். ரோட்டில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்காக நான் அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

மதித்தது நான், அவர் என்னோடு நாலு நாள் பேசவில்லை. பசுமாட்டைப் பார்த்து "சோறு ஆயிட்டா?" என்பார். நானும் மாட்டிடமே "ஆயிட்டு, வந்து உக்காரச் சொல்லு" என்பேன். ஐந்தாம் நாள் குழம்பில் உப்பு அதிகம் என்று நேராக என்னிடமே சண்டைக்கு வந்தார். அத்தோடு சரியானது.

பணம் மட்டும் வரவில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி. தினம் நாலு பேர் என் கடையில் எட்டிப் பார்ப்பார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் அரசாங்கத்தின் பங்கு இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். அலுவலகத்தில் கேட்டால் கம்பெனிதான் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். நாங்கள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம். நான் போனில் திட்டாத ஆள் பாக்கியில்லை. ஒரு தடவை மேலப்பாளையத்துக்காரருக்கே போன் போட்டேன். "நம்ம பக்கத்து வேலை முடிஞ்சிட்டு அக்கா, இன்ஷா அல்லா வந்துரும், பைய இருங்க" என்றார். பைய, பொறுமையாக இருக்க என்னால் ஆகுமா?

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் இருக்கும். அவள் வந்தாள். மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஒரு விண்ணப்பம் அடித்துத் தரவேண்டுமாம். திங்கட்கிழமை திருப்பூர் பஸ்ஸுக்குச் சீட்டுப் போட்டாகிவிட்டது.

அடித்தேன். பெயர், வகுப்பு, காரணம். 'குடும்பச் சூழ்நிலை' என்று அடிக்கும்போது கண் மறைத்தது. பிறகு, "பிரிண்டர்ல மை தீந்துட்டு. நாளைக்கு வா" என்றேன். பச்சைப் பொய். அன்று காலைதான் மை நிரப்பியிருந்தேன். மறுநாள் வந்தாள். கரண்ட் இல்லை என்றேன். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள், என்னையும் பார்த்தாள், திரும்பிப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம், பணம் வந்ததாக முதல் குறுஞ்செய்தி வந்தது, டீக்கடைக்காரர் போனுக்கு. பின்னாலேயே இன்னொருவருக்கு. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. அதை ஒயரில் மாட்டி, உயிர் வரும் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது. வங்கிக் கணக்கில் வரவு. போனதெல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. குத்தகைக்கும், உழவுக்கும், விதைக்கும் போதும். அவள் மகள்தான் முதலில் அழுதாள். பிறகு அவள். பிறகு நானும்.

அணையில் தண்ணீர் இருந்ததால் அந்த ஆனியில் கார் வைத்தாள். ஓரளவு விளைந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் என் கடைக்கு வந்து நின்றாள், கையில் அடங்கல் சீட்டும் பாஸ்புக்கும். இந்தத் தடவை அடங்கலுக்கு நான் அவளை விரட்டவில்லை. பிசானத்துக்கு அவள் பெயரை ஏற்றி, கட்டவேண்டிய பங்கைச் சொன்னேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தாள்.

"மைனி, ஒண்ணு கேக்கேன். இந்த வருசம் நல்லா வெளஞ்சிட்டுன்னா இந்தத் துட்டு திரும்பி வராதுல்லா?"

"வராது. போனது போனதுதான்" என்றேன். ஏன் என்று கேட்பாள் என்று நினைத்து, விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"போவட்டும் மைனி" என்றாள். "அது போனாத்தான நெல்லு வீடு வந்து சேரும்."