எங்க வூட்டுக்காரர் வாய் திறந்த கதை

ஏண்டி ஸ்டெல்லா, உனக்கு வெட்கமே இல்லையா? சபையில் நான் சாட்சி சொல்ல எழுந்து நின்று இன்னும் மைக்கைக்கூடப் பிடிக்கவில்லை. அதற்குள், “ஆயா, தாத்தா முதல்ல சொன்ன வார்த்தை இன்னா?” என்கிறாய். பிரசங்கம் என்றால் தூங்குவாய், வம்பு என்றால் மட்டும் காது நீளும். இரு, சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சேவியர் காசிமேட்டில் விசைப்படகு மெக்கானிக். கைக்கு ஸ்பானர், வாய்க்கு வசவு. எஞ்சினைத் திட்டுவார், கடலைத் திட்டுவார், என் மீன் குழம்பையும் திட்டிக்கொண்டே மறுசோறு கேட்பார். நானும் தினமும், “ஆண்டவரே, இந்த மனுஷன் வாயைக் கட்டும்” என்று ஜெபிப்பேன்.

போன வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள் காலை டீ கொடுத்தேன். டம்ளர் நழுவியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயைத் திறந்தார். “தா… தா…” அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்: “ஆயா, மூளையில இடது பக்கம் ரத்தக்குழாய் அடைச்சிடுச்சு. நீங்க பேசறது அவருக்குப் புரியுது. பதிலை வார்த்தையாக் கட்டி வெளிய அனுப்பற இடம்தான் அடிபட்டிருக்கு.”

உண்மைதான். வீட்டுக்கு வந்தபின், “கரண்டிய எடு” என்றால் இடது கையால் எடுத்துத் தருவார். “இது இன்னா?” என்றால் கரண்டியையே பார்ப்பார். கண்ணில் தண்ணீர் வரும். வார்த்தை வராது.

எதிர்வீட்டுக் கலா விளையாட்டாகத்தான் கேட்டாள். “இன்னா ஆயா, உன் ஜெபம் பலிச்சிடுச்சு போலகீதே?”

சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன். வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, நான் படிக்காதவள். ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அதற்காக இப்படியா இறுக்கிக் கட்டுவது? அவிழ்த்துவிடும் ஐயா. வசவோடு சேர்த்தே திருப்பிக் கொடும். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.”

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து பாஸ்டரும் சபையாரும் ஜெபிக்க வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்டர் உருக்கமாக ஜெபித்தார். உருக்கம் கூடக்கூட, இவர் தோளை அழுத்தினார். விழுந்துபோன அதே வலது தோள். வலி தாங்காமல் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

“கஸ்மாலம்!”

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. படகுத்துறை வரை கேட்டிருக்கும். எல்லாரும் ஜெபத்தை விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தார்கள். நான் குதித்தேன்.

“அல்லேலூயா! வந்திடுச்சு பாஸ்டர், பேச்சு வந்திடுச்சு!”

“யாரைச் சொன்னாருங்க?”

“உங்களத்தான். ஸ்தோத்திரம் சொல்லுங்க!”

நல்ல மனுஷர். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார்.

இதைப் போய்ச் சொன்னதும் டாக்டரம்மாவும் சிரித்தார். “வசவு, பாட்டு, மனப்பாட ஜெபம் எல்லாம் பெரும்பாலும் வேற வழியா வரும் ஆயா. பாடவெச்சுப் பேசப் பழக்கலாம்.”

எனக்குப் புரிந்தது. முன்வாசல் பூட்டிக்கொண்டது, ஆண்டவர் பின்வாசலைத் திறந்துவைத்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டீக்கு ஒரு ராகம், குளிக்க ஒரு ராகம். கீர்த்தனை மெட்டில் “சட்டை வேணுமே” என்று பாடுவேன், அவரும் கூடவே பாடுவார். ராகம் மெல்லக் கழன்று, வார்த்தை தங்கியது. கல்யாணமான நாளிலிருந்து என்னை “இந்தாமே” என்றே கூப்பிட்டவர், போன மாதம் மெதுவாக, “எஸ்தரு… டீ… சூடா” என்றார். டீ ஆறிப்போகும்வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கும் திட்டு விழுந்தது. ஸ்தோத்திரம்.

ஆகவே பிள்ளைகளே, நம்பிக் கேளுங்கள். அவர் காதில் விழாத ஜெபம் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், பார்த்துக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் வாய் திறந்த அன்று சாயங்காலமே குழாயடியில் கலாவும் மற்றவர்களும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஆயா, தாத்தா முதல்ல ஸ்தோத்திரம்னுதான் சொன்னாராமே, நெசமா?”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன். “ஆமாண்டி. அத்த எங்க வூட்டு பாஷையில சொன்னாரு.”