பேசுகிறவர்கள் பெயரை எழுதிய பிள்ளை

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். காட்டுக்கத்தல் கத்துகிற வகுப்பில் ஒரு பிள்ளை வாயே திறக்காமல் இருந்தால், ஆசிரியைக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. மூன்றாம் ஆண்டு வகுப்பில் எனக்கு அப்படி ஒருத்தி வாய்த்தாள். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். நான் வெளியே போகும்போதெல்லாம் மார்க்கரை அவள் கையில் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதச் சொல்வேன். ரிப்போர்ட் கார்டிலும் 'அமைதியான, நல்ல பிள்ளை' என்று எழுதினேன். அவளால் பேச முடியவில்லை என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஒரு நாள் கணிதப் பாடத்தின் நடுவே அவள் நாற்காலிக்குக் கீழே ஈரம். கழிவறைக்குப் போகக் கேட்க வாய் வரவில்லை. பென்சிலைப் பிடித்தபடி, அழாமல், நேராக உட்கார்ந்திருந்தாள். எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

பள்ளிக் கவுன்சலரிடம் ஓடினேன். "பதற்ற நோயா இருக்கும் டீச்சர். வீட்டுல பேசுவாங்க, ஸ்கூல்ல வாய் வராது. டாக்டர் பார்க்கணும்," என்றார். "இந்த மாதிரி பிள்ளைங்க ஒவ்வொரு கிளாஸ்லயும் இருக்காங்க. சத்தம் போடுறவங்கதான் நம்ம கண்ணுக்குத் தெரியுறாங்க."

அவள் அம்மா தெலுக் பங்லிமா காராங்கில் ஃபேக்டரி வேலையை முடித்துவிட்டு வந்தார்.

"வீட்டுல ஓயாம பேசுறா டீச்சர். நீங்கதானே நல்ல பிள்ளைன்னு எழுதுனீங்க? இப்ப பைத்தியத்துக்குப் பார்க்குற டாக்டர்கிட்ட போகச் சொல்றீங்க. ஊர்ல என் பிள்ளை ஒருத்திக்குத்தானா இப்படி?"

"நான் எழுதுனது தப்பும்மா," என்றேன். "நானும் கூட வரேன்."

மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே திரும்பப் பார்த்தார். "வேணாம் டீச்சர். தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?" இன்று போனால் இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்லி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். என் வகுப்பில் எப்போதும் முதலிடத்தில் வரும் மாணவனின் அப்பா. அன்று மகனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவதாக எனக்குக் கடிதம் கொடுத்திருந்தார். மகன் பக்கத்தில் இருந்தான். என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. பிறகு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வந்து உட்காருங்கக்கா," என்றார். "நாங்க ஆறு மாசமா வரோம்."