கோபத்தின் மேல் விழுந்த பழி

எனக்குக் கோபம் வரும். வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் என் கண்ணில் வந்த நோய்க்கும் அந்தக் கோபமே காரணம் என்று வீட்டில் தீர்ப்புச் சொன்னார்கள். நானும் கொஞ்சக் காலம் அதை நம்பித் தொலைத்தேன்.

முதல் தடவை அது வகுப்பில் வந்தது. வெண்பலகையில் அடிமட்டம் வைத்துக் கிடை அச்சைக் கீறினேன். நடுவில் கோடு தொய்ந்து கிடந்தது. அழித்துக் கீறினேன், திரும்பவும் தொய்ந்தது. "மிஸ், கோடு நேராத்தானே இருக்கு," என்றாள் முன்வாங்குப் பிள்ளை. இடது கண்ணைப் பொத்தினால் கோடு வளைந்தது, வலது கண்ணைப் பொத்தினால் நேரானது. கணவரிடம் சொன்னேன். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்று சிரித்தார். மறுநாள் கொள்ளுப்பிட்டியில் கண் டொக்டர் ஸ்கேன் எடுத்துக் காட்டியதும் சிரிப்பு நின்றது.

விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருந்தது. அநேகமாகத் தானே வற்றிவிடும், ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் நடுப்பார்வை நிரந்தரமாகப் பழுதாகலாம் என்றார். அதைத் திரும்ப வரவைக்கக் கூடியவற்றையும் சொன்னார்: மன அழுத்தம், நித்திரைக் குறைவு, எந்த வடிவத்தில் என்றாலும் ஸ்டீரொயிட் மருந்து. வீட்டுக்கு வரும் வழியில் பின்னால் சொன்ன இரண்டும் பஸ்ஸிலேயே இறங்கிவிட்டன. மன அழுத்தம் மட்டும் எங்களோடு வந்து குடியேறியது.

நீர் வற்றியது. சில மாதங்களில் மீண்டும் கோத்தது. "உந்தக் கத்தல்தான் கண்ணில ஏறுது, கிளாஸை நிப்பாட்டு," என்றார் கணவர். மேல்மாடியில் இருக்கும் அவருடைய அக்கா, என் மச்சாள், இறங்கி வந்து பொம்பிளைக்கு இவ்வளவு ரோசம் கூடாது என்று ஒத்துப் பாடினா. வகுப்பை நிறுத்தினேன். வெளியே காலி வீதியில் ஓடும் வாகனங்களின் ஹோன் சத்தத்தைக் கேட்டபடி பல்கனியில் சாந்தசொரூபியாக இருந்தேன். காலையில் ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி யன்னல் கம்பியைப் பார்ப்பேன். ஒரு நாள் கம்பி வளைந்தது. வகுப்பும் போய், கண்ணும் போகிறதே என்று விம்மி அழுதேன்.

டொக்டர் இந்த முறை பொறுமையாகக் கேட்டார். "ஊசி, முட்டுக்கு இழுக்கிற பம்ப், பூசுற கிறீம், ஏதாவது பாவிக்கிறனீங்களோ?"

"ஒண்டுமில்லை," என்றார் கணவர், எனக்கு முந்தி.

எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குடும்பத்தில் கலியாணம் என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே பெண்கள் முகத்தை வெளுக்கத் தொடங்கிவிடுவார்கள். லண்டனிலும் கனடாவிலும் சொந்தக்காரர் ஆல்பம் பார்ப்பார்களே! மச்சாளுக்குத் தெரிந்த பியூட்டி பாலரில் பெயரோ லேபலோ இல்லாத டப்பாவில் வெள்ளைக் கிறீம் கலந்து கொடுப்பார்கள். படுக்கும்போது பூச வேண்டும்; நானும் பூசுவேன். அதை மருந்தென்று எங்களில் ஒருத்தியும் நினைத்ததில்லை. பவுடர், கண்மை மாதிரி அதுவும் ஒன்று. யோசித்துப் பார்த்தேன். கோடு வளைந்த ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கலியாணத்தை ஒட்டித்தான். டொக்டரிடம் டப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

"அதில என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது," என்றார் டொக்டர். "ஆனா இப்பிடியான கிறீமுகளில ஸ்டீரொயிட் கலக்கிறது உண்டு. இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. நேரத்துக்குப் படுங்கோ."

"கிளாஸ் எடுக்கலாமோ?"

"தாராளமா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. ஓட்டோவில் கணவரை ஏசி முடிக்கிறதுக்குள் பம்பலப்பிட்டி தாண்டிவிட்டது.

கிறீமை விட்டேன். நீர் மெல்ல வற்றியது. வகுப்பைத் திறந்தேன், வேளைக்குப் படுத்தேன், கத்த வேண்டிய இடத்தில் கத்தினேன். இனி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. அதற்காக நான் மூலைக்குள் போய்க் குந்துவதாகவும் இல்லை.

பிறகு மச்சாளின் மகளுக்கே கலியாணம் சரிவந்தது. மச்சாள் எனக்கும் ஒரு டப்பா கொண்டு வந்தா. "ஊரெல்லாம் பூசுது, உனக்கு மட்டும் கண்ணில ஏறுதோ?"

வாங்கி, அவவின் கண்முன்னாலேயே குப்பைவாளிக்குள் போட்டேன். பிள்ளையையும் பூசவிட வேண்டாம் என்றேன்.

"உனக்கென்ன விசரே? லண்டன் ஆக்கள் எல்லாம் வருகினம். போட்டோவில நீ மட்டும் கறுப்பா நிக்கப்போறாய்!"

"நிப்பன் மச்சாள். அந்தப் போட்டோவை ரெண்டு கண்ணாலயும் பாப்பன்."