பழனியாத்தாளின் நாற்பது ரூபாய்

ஞானமுத்து பழனியாத்தாளுக்கு நாற்பது ரூபாய் கடன்பட்டிருந்தான். நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில், கோயமுத்தூர்க் கல்லூரிக்குப் போக பஸ் காசில்லாமல் தாராபுரத்தில் நின்றவனுக்கு, களையெடுத்துவிட்டு வந்தவள் வாய் ஓயாமல் பேசியபடியே சுருக்குப்பையை அவிழ்த்துக் கொடுத்தது. முந்நூறு பக்கம் கழித்து ஞானமுத்து மில் வாங்கினான், கார் வாங்கினான், ஊரே திரண்டுவரக் கல்யாணமும் செய்துகொண்டான். அந்த நாற்பது ரூபாயை மட்டும் கொடுக்கவே இல்லை.

நாவலைப் படித்து முடித்த மாசாணம் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பின்னட்டையிலும் தேடினார்.

"ஏமாத்திப்போட்டானே!" என்றார்.

மாசாணம் லேசுப்பட்ட வாசகர் அல்ல. பண்ணை வேலைக்குப் போன தாய் தகப்பனுக்குப் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்று, இன்றைக்குச் சிங்காநல்லூரில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர். காரமடையிலிருந்து தாராபுரம் வரைக்கும் அவர் கை படாத கிணற்று மோட்டார் உண்டா? அறுபது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி, எம்.ஏ. படித்தவர்களே பாதியில் மூடிவைக்கும் புத்தகங்களை முடித்துக் காட்டிய ஆள். உலகமே மாயை என்ற தத்துவப் புத்தகத்தைக்கூட விடவில்லை. "மாயைன்னா பின்னாடி எதுக்குங்க நானூத்தம்பது ரூவா வெல போட்டிருக்குது?" என்று கேட்டார். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கேட்டார். ஆசையை விடு என்ற இன்னொரு புத்தகம் பிடித்துப்போய்க் கொஞ்ச நாள் காப்பியை விட்டார். கடைக்கு வந்த எரிந்த மோட்டார்களைவிட அவர்தான் அப்போது சூடாக இருந்தார் என்பாள் மனைவி பொன்னாத்தாள்.

இந்த நாற்பது ரூபாயோ தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அடுத்த புத்தகத்தை எடுத்தால் எழுத்து ஓடவில்லை.

"ஏனுங்க, கதையில கடன் வாங்குனவனுக்கு நீங்க எதுக்குங்க சோறு தண்ணியில்லாம கெடக்கறீங்க? வேணும்னா நானே அந்த நாப்பதக் குடுத்துப்போடறேன்" என்றாள் பொன்னாத்தாள்.

"நீ குடுத்தா அவன் கடன் தீருமா புள்ள?"

கொடிசியா புத்தகக் கண்காட்சிக்கு அந்த நாவலை எழுதிய ரெபேக்கா வருகிறார் என்று தெரிந்ததும், சலவை வேட்டி கட்டிப் புறப்பட்டார். கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்றார். முறை வந்ததும் புத்தகத்தை நீட்டவில்லை.

"ஏனுங்க அம்மணி, அந்தப் பழனியாத்தா காசு என்னங்க ஆச்சு?"

ரெபேக்கா சிரித்தார். "தெரிஞ்சேதான் விட்டேங்க ஐயா. பெரிய ஆளானதும் ஞானமுத்து மறந்துட்டான். அவன் அப்படிப்பட்டவன்."

"அவன் மறப்பானுங்க. பழனியாத்தா எப்படீங்க மறப்பா?"

"அவ கேக்கக் கூச்சப்பட்டுட்டா."

"கூச்சமா!" வரிசையே எட்டிப் பார்த்தது. "என்ற ஆத்தாளும் களையெடுத்தவதானுங்க. கூலிப் பாக்கி வெச்சவரு ஊட்டுக் கல்யாணத்துல, வாசல்லயே நின்னு, 'சோறு அப்பறம், என்ற காசு மொதல்ல'ன்னு கைய நீட்டுனா. வாங்கிட்டுத்தான் நகுந்தா. நீங்க மூணாவது அத்தியாயத்துல அவளுக்கு அத்தன வாயக் குடுத்துப்போட்டு, அப்பறம் புடுங்கிட்டீங்களே அம்மணி!"

ரெபேக்காவின் சிரிப்பு நின்றது. பேனாவை மூடி வைத்தார். "யோசிக்கிறேங்க ஐயா" என்று விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"யோசிங்க. அதுவரைக்கும் நான் வேற புத்தகம் தொடறதில்லீங்க."

சொன்ன சொல் தவறவில்லை மனிதர். மறுவருடம் இரண்டாம் பதிப்பு தபாலில் வந்தபோது, பொன்னாத்தாளை எதிரே உட்காரவைத்து, கடைசி அத்தியாயத்தைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்.

கல்யாண மேடை. மொய்க் கவரோடு நீண்ட வரிசை. அதில் வெறுங்கையோடு பழனியாத்தாள். அவள் முறை வந்தது.

"தாராபுரத்து பஸ் காசு, கண்ணு" என்று கையை விரித்தாள்.

மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் ஏது பை? சம்பந்தி வீட்டார் பார்த்திருக்க, ஞானமுத்து அப்போதுதான் வந்த மொய்க் கவர்களைக் கிழித்தான்.

"எண்ணிக் குடு."

பத்து. இருபது. முப்பது. மாசாணத்தின் விரல் வரிமேல் நகர்ந்தது. பொன்னாத்தாள் கிட்டே வந்து குனிந்தாள். நான்காவது பத்து ரூபாய்த் தாளும் அந்த விரிந்த உள்ளங்கையில் விழுந்தது.